பெரியபட்டினத்து நீலக் கிண்ணம்

பந்தல்குடிப் பக்கத்தாருக்குச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிமெண்டு ஆலைக்கு லாரி லாரியாகப் போவதைத் தினமும் பார்க்கிறவர்கள். இந்த வகைக் கல்தான் சீனத்துக் கிண்ணங்களுக்குப் பளபளப்பையும் தந்தது. சிங்தெசென் ஊர்க் குயவர்கள் சுண்ணாம்புக்கல்லைப் பெரணிச் செடியோடு சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலை மேற்பூச்சுக் கரைசலில் கலந்தார்கள்.

அந்தக் கிண்ணங்கள் நம் கரைக்கும் வந்தன. ராமநாதபுரம் அருகே பெரியபட்டினத்தில் 1987-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பெரும்பாலானவை 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பச்சைப் பூச்சு ஓடுகளே மிகுதி. வெள்ளையில் நீலக் கோலமிட்ட சிங்தெசென் ஓடுகளும் உண்டு.

இப்படிப்பட்ட ஓடு ஒன்றைக் கையில் எடுத்தால் உடைந்த விளிம்பு சீனிக்கட்டிபோல வெள்ளையாக இருக்கும். தூரிகை அழுந்திய இடத்தில் நீலம் கறுத்துத் திட்டாக நிற்கும். தீட்டும்போது சாம்பல் கறுப்பாக இருக்கும் கோபால்ட், சுமார் 1,300 டிகிரி சூட்டில் வெந்த பிறகே நீலமாகிறது. அக்காலத்தில் அது பாரசீகத்திலிருந்து சீனாவுக்குப் போனது. 'பீங்கான்' என்று நாம் சொல்வதும் கோப்பையைக் குறிக்கும் பாரசீகச் சொல்தான்.

வரைந்தவர் யார்? பெயர் இல்லை. 1712-ல் சிங்தெசென்னைப் பற்றி எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல், ஒரு பாத்திரம் எழுபது பேர் கைமாறுகிறது என்றார். கோடு இழுப்பவர் ஒருவர், வண்ணம் நிரப்புபவர் வேறொருவர். ஜப்பானிலோ 1640-களில் அரிதா ஊர்ச் சகைதா ககியெமோன் வண்ணம் தீட்டிய பீங்கானுக்குத் தன் பெயரையே விட்டுச்சென்றார். டச்சுக்காரர்கள் 1659-ல் அரிதாவுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தார்கள். முந்தைய ஆண்டுதான் தூத்துக்குடியைப் பிடித்திருந்தார்கள். ககியெமோன் பாணியை ஜெர்மனியின் மைசென் ஆலை பின்னர் நகலெடுத்தது.

எனக்கோ, பெயரில்லாத அந்த எழுபது பேரே பெரியவர்கள். ஒருவர் கை பிசகியிருந்தாலும் அந்தக் கிண்ணம் கடல் தாண்டியிருக்காது.

கடலோர ஊர்களில் உழவிலோ கடைக்கால் தோண்டும்போதோ நீலக்கோடு போட்ட ஓடு தட்டுப்பட்டால் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.