தெருப்பெயரும் ஆவணமும்: சென்னை ஜார்ஜ் டவுனில் உள்ளூரார் வழிநடத்தும் வரலாற்று நடை

ஆய்வுச் சுருக்கம்

புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே அமைந்த ஜார்ஜ் டவுன், கட்டடங்களைக் காட்டிலும் தெருப்பெயர்களிலும் வழிபாட்டிலும் வணிகத்திலும் தன் வரலாற்றைத் தக்கவைத்துள்ள பகுதியாகும். அங்கு வாழ்வோர் வழிநடத்தும் வரலாற்று நடை நகர வரலாற்றாய்வுக்கு எத்தகைய சான்றை வழங்குகிறது என்பதையும், அச்சான்றை எவ்வாறு மதிப்பிடுவது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜார்ஜ் டவுன், கறுப்பர் நகரம், தெருப்பெயர், வாய்மொழி வழக்கு, வலங்கை – இடங்கை

முன்னுரை

2004 முதல் ஆகஸ்டு மாதத்தில் கொண்டாடப்பட்டுவரும் சென்னை நாள் நிகழ்வுகளையொட்டி, நகரின் பழைய பகுதிகளில் வரலாற்று நடைகள் பரவலாயின. இவற்றைச் சுற்றுலாவின் ஒரு கூறாகக் கருதி ஆய்வுலகம் ஒதுக்கிவிடுவதுண்டு. சென்னை வரலாற்றுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுவன கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களும், அவற்றைக் கொண்டு ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் வெளியிட்ட தொகுதிகளுமே. ஆனால் அவ்வாவணங்கள் கோட்டைக்குள்ளிருந்து நகரை நோக்கி எழுதப்பட்டவை. தெருவில் வாழ்ந்தோரின் வழக்கு அவற்றில் அரிதாகவே பதிவாகியுள்ளது. ஆவணத்தையும் வழக்கையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பை உள்ளூர் நடை தருகிறது.

பெயர்ந்த நகரமும் பெயராத நினைவும்

பாரிமுனையிலிருந்து மேற்கே வால்டாக்ஸ் சாலை வரை நடப்பவர், ஒருமுறை இடம்பெயர்ந்த நகரின் ஊடாக நடக்கிறார். தொடக்ககாலக் கறுப்பர் நகரம் கோட்டையின் வடமதிலை ஒட்டியே இருந்தது. 1746-இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் அதன் ஒரு பகுதியை இடித்தனர். 1749-இல் நகரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், பீரங்கிகளுக்குத் தடையற்ற வெளி வேண்டுமெனக் கருதி எஞ்சியதையும் அகற்றினர். இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்த இடத்தில்தான். திறந்தவெளியின் எல்லையைக் குறிக்க 1773-இல் நடப்பட்ட ஆறு தூண்களுள் ஒன்று பாரிமுனையில் எஞ்சியுள்ளது.

இடிபட்டவற்றுள் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் ஒன்று. 1757-இல் அது அகற்றப்பட்டபின், மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் இன்றைய தேவராச முதலி தெருவில் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் கோயில்கள் எழுந்தன. கோட்டையின் நோக்கில் இது பாதுகாப்புக்கான நிலச்சீரமைப்பு. ‘பட்டணம் கோயில்’ என்னும் மக்கள் வழக்கிலோ, இடம் மாறியபின்னும் அது பட்டணத்தின் கோயிலாகவே தொடர்கிறது. இவ்விரு நோக்குகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஒன்று முடிவெடுத்தவரின் கூற்று. மற்றொன்று அம்முடிவின் விளைவோடு வாழ்ந்தவரின் கூற்று.

பெயர் காட்டுவதும் மறைப்பதும்

ஆர்மேனிய வணிகர்களின் தேவாலயம் உள்ள தெரு, தமிழ் வழக்கில் ‘அரண்மனைக்காரன் தெரு’ எனப்படுகிறது. இப்பெயரை மட்டும் கொண்டு அங்கு அரண்மனை ஒன்று இருந்ததாகக் கருதுவது பிழையாகும். 1772-இல் எழுந்த இன்றைய தேவாலயமும் அதன் வளாகத்துக் கல்லறைகளும் பெயரின் உண்மையான பின்புலத்தைக் காட்டுகின்றன. எனினும் இத்திரிபு பயனற்றதன்று. ஆர்மேனியர் என்னும் அயற்சொல்லைத் தமிழர் தம் செவிக்குப் பழகிய சொல்லாக மாற்றிக்கொண்டதை அது காட்டுகிறது. அரண்மனை இருந்ததற்கன்று, அயல் வணிகரோடு தமிழர் கொண்டிருந்த அன்றாடப் பழக்கத்திற்கே அப்பெயர் சான்றாகிறது.

வால்டாக்ஸ் சாலையின் பெயர் வேறுவகைச் சிக்கலை உடையது. 1758–59 பிரெஞ்சு முற்றுகைக்குப்பின் புதிய நகரைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. அதன் செலவை மக்களிடம் வரியாகப் பெறக் கம்பெனி எண்ணியது. ஆயினும் அவ்வரி தண்டப்படவில்லை. நிகழாத ஒன்றையே சாலையின் பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. மதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப்பூங்கா என வழங்கும் பகுதியில் ஒரு துண்டு மட்டும் எஞ்சியுள்ளது. பெயரை மட்டும் நம்பினால் வரி உண்மையாகிவிடும். ஆவணத்தை மட்டும் படித்தால், வசூலிக்கப்படாத வரி ஏன் இரண்டரை நூற்றாண்டுகள் மக்கள் நாவில் நிலைத்தது என்னும் வினாவே எழாது.

நடையில் பேசப்படாதவை

உள்ளூர் நினைவிலும் இடைவெளிகள் உண்டு. 1707-இல் வலங்கை, இடங்கைப் பிரிவினரிடையே திருமண ஊர்வலம் செல்லும் தெருக்கள் குறித்துப் பூசல் மூண்டது. ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கும் முத்தியால்பேட்டை இடங்கையினருக்கும் எனப் பிரிக்கப்பட்டன. இரு பேட்டைகளுக்கும் இடையே ஓடிய ஆட்டுப்பள்ளம் என்னும் நீர்வழி, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் பாபமின் முயற்சியால் தூர்க்கப்பட்டுப் பிராட்வே ஆயிற்று. இன்று பிரகாசம் சாலையைக் கடப்பவர் அறியாமலே பழைய சாதி எல்லை ஒன்றைக் கடக்கிறார். வணிகப் பெருமையையும் கோயிற் சிறப்பையும் விரித்துரைக்கும் நடை இவ்வெல்லையைச் சொல்லாது விடுமாயின், தெருக்கள் இவ்வாறு அமைந்ததன் காரணங்களுள் முதன்மையான ஒன்று மறைந்துவிடும். இங்கு ஆவணமே நினைவைத் திருத்த வேண்டியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, வழிகாட்டி கூறும் பெயரையும் விளக்கத்தையும் தனித்தனியே பதிவுசெய்தல் வேண்டும். விளக்கம் பிழையாயினும் பெயர் சான்றாக நிற்கும். இரண்டாவது, அவ்விளக்கத்தை ஆவணத்தோடும் எஞ்சிய பொருட்சான்றோடும் ஒப்பிடுதல் வேண்டும். மூன்றாவது, நடையில் பேசப்படாதவற்றையும் குறித்தல் வேண்டும்.

இப்பணி காலம் கடத்தத்தக்கதன்று. கொத்தவால்சாவடியின் மொத்தக் காய்கறி வணிகம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டபோது, தெருவின் தொழிலையும் சொல்வழக்கையும் அறிந்த வணிகர் பலரும் உடன் சென்றனர். மரபுச் சின்னங்களின் பட்டியல் கட்டடத்தைக் காக்கலாம்; தெருவின் பெயரைப் பொருளறிந்து சொல்வோரைக் காக்க இயலாது. அவர்கள் இன்னும் அங்கு வாழும் காலத்திலேயே அவர்களோடு நடந்து பதிவுசெய்வது ஆய்வாளரின் கடமையாகும்.