கோன் இழுக்கும் பூமி

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையின் நிட்டிங் கம்பெனி ஒன்றில், ஆள் உயர ஸ்டாண்டிலிருந்து நூல் கோன் ஒன்று நழுவுகிறது. எடை ஏறக்குறைய 2 கிலோ. தரையில் மோதியதும் அட்டைக் கூம்பின் விளிம்பு நசுங்குகிறது. நூலிழை மட்டும் மேலிருந்து தளர்ந்து தொங்குகிறது. கோன் விழுந்தது என்கிறோம். வியாழன் சூரியனைச் சுற்றுகிறது என்றும் சொல்கிறோம். இரண்டு வாக்கியங்களிலும் சிறியதே அசைகிறது. பெரியது சும்மா இருப்பதுபோல் தோன்றுகிறது. அருகருகே வைத்துப் பார்ப்போம்.

பூமி கோனைச் சுமார் 20 நியூட்டன் விசையால் இழுக்கிறது. கோனும் பூமியை அதே 20 நியூட்டனால் இழுக்கிறது, இம்மியும் குறைவில்லை. சூரியனின் நிறை வியாழனுடையதைப் போல 1,047 மடங்கு. ஆயினும் அவை ஒன்றையொன்று இழுக்கும் விசை சமம்தான். விசையை அதனதன் நிறையால் வகுக்கும்போதுதான் அசைவில் ஏற்றத்தாழ்வு பிறக்கிறது.

இரு ஜோடிகளும் பிரிவதும் அங்கேதான். கோன் 2 மீட்டர் இறங்குவதற்குள் பூமி அதை நோக்கி எழும் தூரம், ஒரு புரோட்டானின் விட்டத்தில் சுமார் 250 கோடியில் ஒரு பங்கு. எந்தக் கருவிக்கும் அது எட்டாது. சூரியனின் அசைவோ அப்படியல்ல. வியாழன் நொடிக்கு 13 கிலோமீட்டர் ஓட, அதன் இழுப்பால் சூரியன் நொடிக்கு 12.5 மீட்டர் நகர்கிறது. மணிக்கு 45 கிலோமீட்டர், டவுன் பஸ்ஸின் வேகம்! இரண்டுக்கும் பொதுவான நிறைமையம் சூரியப் பரப்புக்குச் சற்று வெளியே இருக்கிறது.

எதிர்பாராத உறவு இனிமேல்தான். கோனோடு ஒரு பனியன் பொத்தானும் நழுவியிருந்தால், காற்றின் தடையை விட்டுவிட்டால், இரண்டும் ஒன்றாகவே தரை தொடும். கோனுக்கு இழுப்பு அதிகம். அசையாமல் அடம்பிடிப்பதும் அதே மடங்கு அதிகம். வானிலும் இதே கதை. வியாழனின் பாதையில் ஆயிரக்கணக்கான ட்ரோஜன் சிறுகோள்கள், அந்தப் பெருங்கோளைப் போலவே ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒரு சுற்று வருகின்றன.

ஆக, விழுவதைப் பார்த்தோ சுற்றுவதைப் பார்த்தோ சிறியதன் நிறையைச் சொல்ல முடியாது. அதற்குப் பெரியது எவ்வளவு அசைகிறது என்று பார்க்க வேண்டும். கோனுக்காவது தராசு உண்டு. தொலைதூரக் கோளுக்கு அதன் விண்மீன்தான் தராசு. ராஜஸ்தானின் அபு மலையில் 1.2 மீட்டர் தொலைநோக்கியோடு இணைந்த பாரஸ் கருவியால், சுமார் 600 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு விண்மீனின் தள்ளாட்டத்தை நம் விஞ்ஞானிகள் அளந்தார்கள். அதைச் சுற்றும் கோளின் நிறை பூமியைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு என்று 2018இல் அறிவித்தார்கள்.