படம் எடுக்கப் பழகுவோருக்கு: எங்கள் கழகத்தின் குறிப்பேட்டிலிருந்து

கிளிநொச்சியில் நான் அங்கத்தவராக உள்ள புகைப்படக் கழகத்தில் பதினைந்து பேர் அளவில் இருக்கிறோம். கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர்கள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு தாதி, உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள், என்னைப் போலச் சுயாதீனமாகச் செய்தி எழுதுபவர்கள். அரைவாசிப் பேரிடம் கமரா இல்லை, கைத்தொலைபேசிதான். புதிதாகச் சேருபவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, இதை எங்க படிக்கலாம்?"

ஊடகக் கற்கைகள் படித்தவள் என்பதால் கேள்வி என்னிடம் வந்து நிற்கும். முன்பெல்லாம் நாலு ஆங்கிலப் புத்தகங்களின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தப் பழக்கம் விட்டுப்போனதற்குக் காரணம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று.

சித்தப்பாவின் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் அம்மா அதை உடுப்புப் பையின் அடியில் வைத்துக் கொண்டு திரிந்தார். மீள்குடியேறிய பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். மழை ஒழுக்கில் ஈரம் ஏறிப் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. பிரதி எடுத்து வைப்போம் என்று நான்தான் சட்டத்தைக் கழற்றிப் படத்தை இழுத்தேன். சித்தப்பாவின் இடது தோளும் பின்னால் நின்ற வேப்பமரத்தில் பாதியும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. "முகம் இருக்குத்தானே பிள்ளை" என்றார் அம்மா. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்ரூடியோவில் கழுவி எடுத்த பழைய படங்களின் மேற்பரப்பு ஜெலற்றின் என்ற பொருளால் ஆனது. ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் எது மேலே இருக்கிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் உருவம்தான் கிழிந்து வரும். கமரா பிடிக்கத் தெரிந்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. எங்களுடைய ஊர்களில் ஒரேயொரு படம் மிஞ்சிய வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அதனால் இப்போது கழகத்துக்கு வருபவர்களுக்கு முதற்பாடமாகப் பழைய படத்தைப் பிரதி எடுப்பதைச் சொல்லிக்கொடுக்கிறோம். பறவையும் சூரிய அஸ்தமனமும் இரணைமடுவில் பிறகும் இருக்கும்.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தைக் கழற்றவே வேண்டாம். கண்ணாடிக்கு மேலாலேயே எடுக்கலாம். ஃபிளாஷை நிறுத்துங்கள். நேர் வெயில் படாத விறாந்தையில், வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி சட்டத்தைக் கிடையாக வையுங்கள். ஒரு கறுப்பு மட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுத்தால் உங்கள் முகமும் சட்டையும் கண்ணாடியில் தெறிக்காது. தொலைபேசியைப் படத்துக்கு மிகக் கிட்டக் கொண்டுபோனால் ஓரங்கள் வளையும். கொஞ்சம் தள்ளி நின்று, இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பாவியுங்கள். தொலைபேசி படத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். சட்டம் இல்லாத படமென்றால் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரை, திகதி, யாரோ பென்சிலால் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஸ்கானர் கிடைத்தால் இன்னும் நல்லது. தபாலட்டை அளவுப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதும். அடையாள அட்டைப் படம் மட்டுமே இருக்கிற குடும்பங்கள் பல. அந்தச் சிறிய படத்துக்கு 1200 வையுங்கள். மூலப்பிரதியை டிஃப் வடிவில் சேமித்து, அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக் எடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஒரு வீட்டில். நாங்கள் வீடு மாறிய கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கடைசி விதியை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வெள்ளத்தில் நனைந்த படங்கள் வேறு சங்கதி. 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அல்பங்களை வெயிலில் பரப்பி வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது பிழை. ஒட்டிய படங்களைக் காயவிடாமல், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தானாகப் பிரியும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு நிழலில், முகம் மேலே பார்க்க, ஒன்றன்மேல் ஒன்று படாமல் காயவிட வேண்டும். உடனே செய்ய முடியாவிட்டால் பொலித்தீனில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைக்கலாம். கணினி அச்சுப்பொறியில் எடுத்த படங்களுக்கு இந்தக் கழுவல் சரிவராது, மை கரைந்துவிடும். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தொண்டர்கள் சேற்றிலிருந்து எடுத்த குடும்பப் படங்களை லட்சக்கணக்கில் கழுவிக் காயவைத்து உரியவர்களைத் தேடினார்கள். அந்த வேலை பற்றிய விபரங்கள் இணையத்தில் நிறைய உண்டு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மங்கலான முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது எல்லாரின் தொலைபேசியிலும் இருக்கின்றன. அவை முகத்தைத் தெளிவாக்குவதில்லை, ஊகித்து வரைகின்றன. கண்ணும் பல்லும் வேறு யாருடையவோ. தாய்மார் ஆசையோடு கேட்கிறார்கள், மறுக்க எனக்கும் மனம் வருவதில்லை. செய்து கொடுத்தால் அதன் மேலேயே "மாற்றப்பட்டது" என்று எழுதி, மாற்றாத பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படம் நாளைக்கு ஓர் ஆவணமாகத் தேவைப்படலாம்.

இனி, பார்த்துப் படிக்க வேண்டியவை. கமராவைத் தொடுவதற்கு முதல் நல்ல படங்களைப் பார்த்துப் பழக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஆர்ஜன்ரீனாவின் குஸ்தாவோ ஜெர்மானோவின் அண்ணன் எதுவார்தோ, 1976 இல் இராணுவ ஆட்சியின்போது காணாமல் ஆக்கப்பட்டவர். ஜெர்மானோ பல குடும்பங்களின் பழைய படங்களை எடுத்து, அதே இடத்தில், அதே ஆட்களை, அதே மாதிரி நிற்க வைத்து மறுபடி எடுத்தார். காணாமல் ஆக்கப்பட்டவர் நின்ற இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். 'அவுசென்சியாஸ்', அதாவது 'இல்லாமைகள்', என்பது அந்தத் தொடரின் பெயர். இரத்தமும் இல்லை, அழுகையும் இல்லை. இதைக் கழகத்தில் காட்டிய அன்று கலியாணப் படக்காரர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார், பிறகு வந்து மீண்டும் முதலிலிருந்து காட்டச் சொன்னார்.

நேபாளத்தில் குந்தா தீட்சித் தொகுத்த 'எ பீப்பிள் வோர்' 1996 முதல் 2006 வரையான போரின் படங்களைக் கொண்டது. அப்படங்கள் கண்காட்சியாக நாட்டின் பல மாவட்டங்களுக்கும் போயின. தொடர்ந்து வந்த 'பீப்பிள் ஆஃப்டர் வோர்', அந்தப் படங்களில் இருந்த ஆட்களைத் தேடிப்போகிறது. படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிற எங்களைப் போன்ற செய்தியாளர்களுக்கு இரண்டாவதுதான் பெரிய பாடம். அதே நாட்டின் நேபாள் பிக்சர் லைப்ரரி, வீட்டு அல்பங்களைச் சேகரித்து ஒரு நாட்டின் வரலாற்றைக் கட்டுகிறது. எங்களிடம் அதற்குக் கிட்டிய வேலை நூலக நிறுவனத்தின் 'ஆவணகம்' தளத்தில் நடக்கிறது. பழைய சிறப்பு மலர்களைப் பார்க்க 'நூலகம்' தளத்துக்குப் போங்கள். அவற்றில் படத்துக்குக் கீழே பெயர்களை இடமிருந்து வலமாக ஒழுங்காக எழுதுகிற வழக்கம் இருந்தது. நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

இலங்கையில் லயனல் வென்ற்றை விட்டுவிட முடியாது. 1900 இல் பிறந்து 1944 இல் இறந்தவர், அவருடைய படத்தொகுப்பு 1950 இல்தான் வந்தது. வெயிலையும் நிழலையும் அவரிடம் படிக்கலாம்.

தொழில்நுட்பத்துக்கு மார்க் லெவோயின் விரிவுரைகள் போதும். ஸ்ரான்ஃபோர்ட்டில் கற்பித்தவர், பிறகு கூகுள் தொலைபேசிக் கமராக்களில் வேலை செய்தவர். 2016 இல் ஆற்றிய 18 விரிவுரைகளையும் இலவசமாக விட்டிருக்கிறார். கணக்குப் பயந்தவர்கள் சமன்பாடு வரும் இடங்களைத் தாண்டலாம். 'கேம்பிரிட்ஜ் இன் கலர்' தளத்தின் பாடங்கள் சிறியவை, வரைபடங்களோடு இருப்பதால் ஆங்கிலம் மட்டுமட்டாகத் தெரிந்தாலும் விளங்கும். தமிழில் வேண்டுமென்றால், தமிழ்நாட்டு ஆர்வலர்கள் நடத்திய 'தமிழில் புகைப்படக்கலை' பதிவுகள் பழையவை என்றாலும் துவாரம், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் நன்றாகச் சொல்லித் தருகின்றன. 'ஓப்பன் கமரா' செயலியைப் போட்டால் பல அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் இவற்றைக் கையாலேயே மாற்றிப் பார்க்கலாம். திருத்துவதற்கு ஸ்னாப்சீட், கணினியில் கிம்ப், டார்க்டேபிள். எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. களவாய் எடுத்த ஃபொட்டோஷொப் தேவையில்லை.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் உட்கார்ந்த நாளிலிருந்து எத்தனையோ கமராக்கள் அந்தத் தாய்மாரின் முகத்துக்குக் கிட்டப் போய்வந்துவிட்டன. ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "நான் அழாட்டி எடுக்கமாட்டியளோ?" அதற்குப் பிறகு நான் முதலில் அவர் கையில் வைத்திருக்கும் படத்தைப் பற்றித்தான் கேட்பது. அது எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்று. கமரா பிறகு. அதிர்ச்சிக்கு உள்ளானவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது பற்றி டார்ட் மையம் ஊடகவியலாளர்களுக்காக வெளியிட்ட குறிப்புகள் இலவசம். போராட்டங்களில் எடுக்கும்போது தொலைபேசியின் இருப்பிடப் பதிவை நிறுத்திவிடுங்கள். முன்னாள் போராளிகளின் முகத்தை அவர்களிடம் கேட்காமல் எங்கும் போடாதீர்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், இங்கே அதோடும் முடியாது.

உங்கள் படத்தின் உரிமை உங்களுடையது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது உங்கள் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 வருடங்களுக்கும் செல்லும். பெயர் போடாமல் முகநூலில் எடுத்துப் போடுபவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கக் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பைகளும் போதும். அரிசிக்குள் வைக்கிற யோசனையை விடுங்கள், தூசிதான் மிஞ்சும்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு பிற்பகல் பிரதி எடுக்கிற வேலைக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். காசு வாங்குவதில்லை. கழகத்துக்குப் புதியவர்கள் அன்றைக்கு வந்தால் மட்டை பிடிப்பதிலிருந்து தொடங்கலாம். உங்கள் அயலில் யாரிடமாவது பழைய படம் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். சட்டத்திலிருந்து கழற்றாமல் அப்படியே கொண்டுவரட்டும்.