கைவிடுதலும் விடுவித்தலும்

ஆங்கிலத்தில் 'விடுதல்' என்னும் பொருளைத் தாங்கிய சொற்களை எண்ணத் தொடங்கினால் இருகை விரல்களும் போதா. ரிலீஸ், டிஸ்சார்ஜ், லிபரேட், ரிடீம், எமான்சிபேட், மேனுமிட், ஃப்ரீ, லெட் கோ என நீளும் வரிசை அது. அகராதிகள் இவற்றுட் பலவற்றுக்கு 'விடுவி', 'விடுதலை செய்' என்று ஒரே பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தான் பிறந்த மண்ணை இன்னும் உதறாமல் வைத்திருக்கிறது.

ரிலீஸ் என்பதன் இலத்தீன் மூலம் மீண்டும் தளர்த்துதலைக் குறிப்பது, கட்டு நெகிழ்வது. டிஸ்சார்ஜ், வண்டியில் ஏற்றிய பாரத்தை இறக்குவது. ரிடீம், விலை கொடுத்துத் திரும்பப் பெறுவது. எமான்சிபேட், மேனுமிட் இரண்டும் உரோமானியச் சட்டத்தில் பிறந்தவை. முன்னது தந்தையின் ஆட்சியிலிருந்து மகனை விடுவித்த சொல். பின்னது அடிமையை விடுவித்த சொல். இரண்டினுள்ளும் 'கை' என்னும் பொருள்கொண்ட இலத்தீன் சொல் இருக்கிறது. அங்கே கை என்பது உடைமை. மேனுமிட் என்றால் கையிலிருந்து அனுப்பிவிடுதல். ஃப்ரீ என்பதோ அன்புக்குரியவர் என்னும் வேரிலிருந்து வந்தது. ஃப்ரெண்ட் அதன் உடன்பிறப்பு. வீட்டில் அன்புக்குரிய சுற்றத்தார் ஒருபுறம், அடிமைகள் மறுபுறம் என்றிருந்த குடும்ப அமைப்பின் எச்சம் அச்சொல்.

தமிழிலோ ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 'விடு' ஒன்றே வேராய் நிற்கிறது. விடை, விடுப்பு, விடுதி, விடுதலை யாவும் அதன் கிளைகள். கெடு என்பது கேடு என்றும், சுடு என்பது சூடு என்றும் ஆவதுபோல, விடு என்பது முதனிலை திரிந்து வீடு ஆகிறது. நாற்பொருளில் இறுதியான வீடும் அதுவே, நாம் குடியிருக்கும் வீடும் அதுவே. ஆனால் உரோமானியர் செய்ததுபோல் நாமும் அந்த வேரோடு கையைச் சேர்த்தபோது நேர்மாறான பொருள் பிறந்தது. கைவிடுதல் என்றால் நமக்கு விடுதலை அன்று, நட்டாற்றில் விட்டுவிடுதல். நம் மொழியில் கை, பற்றுக்கோடு.

இந்த வேறுபாடு அகராதிப் பக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. நம் இலத்தூர் வட்டாரத்து வரலாற்றில் இதற்கு ஒரு சான்று கிடைக்கிறது.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. எனினும் 1801 முதல் தென்காசி ஆங்கிலேயர் ஆண்ட திருநெல்வேலிச் சீமையில் இருந்தது. செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் ஆட்சியிலும் அதன் தொடர்ச்சியான அரசிலும் இருந்தது. ஒரே மழை, ஒரே நெல், ஒரே மொழி. வயலில் இறங்கியவர்களின் நிலையும் இருபுறமும் ஒன்றே. நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்கவும் ஒற்றி வைக்கவும் வழக்கம் இருந்த காலம் அது.

1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. உடைமையாளர்களுக்கு இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அடிமைகளுக்கு எதுவும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளும் இலங்கையும் அச்சட்டத்தினின்று விலக்கப்பட்டிருந்தன. பத்தாண்டுகளுக்குப் பின்னரே இந்தியாவுக்கு 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம். வரிக்கோ வாரத்துக்கோ தீர்ப்பு நிறைவேற்றத்துக்கோ ஆளை அடிமையென்று அரசு அலுவலர் விற்கலாகாது. அடிமையுரிமை கோரும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது. உழைத்துச் சேர்த்த பொருளை அடிமை என்ற காரணத்தால் ஒருவரிடமிருந்து பறிக்கலாகாது. சுதந்திர மனிதருக்கு இழைத்தால் குற்றமாவது அடிமைக்கு இழைத்தாலும் குற்றமே. இவ்வளவுதான். 'ஒழிக்கிறோம்' என்றோ 'விடுவிக்கிறோம்' என்றோ ஒரு சொல் அதில் இல்லை. இத்தனை விடுதலைச் சொற்கள் கொண்ட மொழியில் எழுதப்பட்ட சட்டம், அவற்றுள் ஒன்றையும் அடிமையை விடுவிக்கும் வினைச்சொல்லாக எழுதாமல் கடந்துபோயிற்று. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று சொல்ல 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

எல்லைக்கு அப்பால் இன்னும் தாமதம். 1836ஆம் ஆண்டுக் கணக்கின்படி திருவிதாங்கூரில் அடிமைகள் 1,64,864 பேர். மொத்த மக்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர். 1847இல் கிறித்தவப் போதகர்கள் மன்னரிடம் விண்ணப்பித்தனர். 1853 அறிவிப்பு, அரசின் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் அடிமைகள் அல்லர் என்றது. பெற்றோர் அடிமை, பிள்ளை சுதந்திரர் என்னும் விந்தை அது. 1855 அறிவிப்புத்தான் அரசின் அடிமைகள் அனைவரையும் விடுவித்து, தனியார் அடிமைகளைப் பொறுத்து 1843ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியைப் பின்பற்றியது. 1750இல் நாட்டைத் திருவனந்தபுரத்துப் பெருமாளுக்கு அர்ப்பணித்து, 'பத்மநாபதாசன்' எனத் தம்மை அடிமையாக அறிவித்துக்கொண்ட அரசமரபு அது. இறைவனுக்கு அடிமை என்பது மன்னருக்குப் பட்டம். மனிதருக்கு அடிமை என்பது வேறு.

ஆக, பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் பன்னிரண்டு ஆண்டுகள் வேறுபாடு. எல்லையைத் தாண்டி நாற்று நட வந்தவள் ஒருபுறத்தில் ஆள், மறுபுறத்தில் உடைமை.

ஆனால் இருபுறத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. உடைமையாளனின் கை எடுக்கப்பட்டதே தவிர, விடப்பட்டவர் நிற்க நிலம் தரப்படவில்லை. குடிசை நின்ற மண்ணும் பழைய எசமானனுடையதே. காலையில் எழுந்து போகும் வயலும் அவனுடையதே. கடன் என்னும் கயிறு அடிமையோலையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. உரோமானியர் பொருளில் அது மேனுமிஷன்; தமிழ்ப் பொருளில் கைவிடுதல்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இதை உணர்ந்து எழுதப்பட்டது என்றே சொல்லவேண்டும். அது கடனை இல்லாததாக்கியது. விடுவிக்கப்பட்டவரின் மறுவாழ்வுக்கு வழிசெய்வதை மாவட்ட, உட்கோட்டக் கண்காணிப்புக் குழுக்களின் கடமையாக்கியது. அதன் 8ஆம் பிரிவு, கொத்தடிமை உழைப்புக்கு ஈடாகக் குடியிருந்த வீட்டிலிருந்து அவரை வெளியேற்றலாகாது என்கிறது. நடைமுறையில் இவை எவ்வளவு நிறைவேறின என்பது வேறு கணக்கு. ஆனால் 133 ஆண்டுகளுக்கு முந்தைய சட்டத்துக்குத் தோன்றாத ஒன்று இதற்குத் தோன்றியிருக்கிறது.

இன்றும் பத்திரப் பதிவு அலுவலகங்களில் 'விடுதலைப் பத்திரம்' எழுதப்படுகிறது. பெரும்பாலும் தந்தையின் சொத்தில் தமக்குள்ள பங்கை விட்டு, உடன்பிறந்த ஆண்களுக்குப் பெண்கள் எழுதிக்கொடுப்பது. எதை விடுகிறோம், யார் விடுபடுகிறார், விட்டபின் நிற்க இடம் யாருக்கு மிஞ்சுகிறது என்று அங்கும் கேட்டுப் பார்க்கலாம். விடு என்பதிலிருந்து வீடு பிறந்தது என்று நம் இலக்கணம் மாணவர்க்கு ஒரு வரியில் சொல்லிக்கொடுக்கிறது. அந்த வரியைச் சட்டம் எழுதுவோரும் படித்திருந்தால் நன்று.