‘பஸ்’ என்றால் போதும்

தலைப்பைப் பார்த்துவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டு கதை என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்லவந்தது ஆங்கிலத்தில் இப்போது அநேகமாக வழக்கொழிந்துபோன ஒரு வினையுரிச்சொல். எழுத்துக் கூட்டல் பேருந்துக்கு உள்ளதேதான். பொருள் மட்டும் ‘போதும்’.

ஓய்வு பெற்றபின் அகராதி புரட்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியில்தான் இதைப் பார்த்தேன். அதைத் தொகுத்தவர்கள் இருவர். ஒருவர் கர்னல் ஹென்றி யூல். இன்னொருவரை நம் ஊர்க்காரர் என்றே சொல்லலாம்: தஞ்சாவூரில் ஜில்லா ஜட்ஜாக இருந்த ஆர்தர் கோக் பர்னெல். கோர்ட்டு வேலையோடு, அரண்மனையிலிருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். அது 1880இல் லண்டனில் அச்சாயிற்று.

‘பஸ்’ பாரசீகத்தில் பிறந்து, இந்துஸ்தானி வழியாகத் துரைமார் பேச்சில் ஏறிய சொல். வடக்கத்தியர் வீட்டில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். இலைக்கு மேல் கையை நீட்டி ‘பஸ், பஸ்’ என்பார்கள். சீமைக்குத் திரும்பிய பிறகும் துரைமாரை லேசில் விடாத சொல் இது என்கிறது அகராதி. இத்தாலியில் ‘பாஸ்தா’ என்றாலும் ‘போதும்’தான். ஆனால் இரண்டுக்கும் உறவு இருக்க முடியாது என்பது தொகுத்தவர்களின் முடிவு. ஒலி ஒத்துப்போனால் சந்தேகப்படலாம். தீர்ப்புச் சொல்ல அது போதாது. சொல் வந்த பாதையைக் காட்ட வேண்டும்.

நம் பக்கத்துப் ‘பேஷ்’ஷும் பாரசீகம்தான். அங்கே அதற்கு ‘அதிகம்’, ‘மேலானது’ என்று பொருள். ஒன்று ‘போதும்’ என்கிறது, மற்றது ‘இன்னும்’ என்கிறது! கச்சேரியில் நாம் போடும் ‘சபாஷ்’கூட அந்த ஊர்ச் சரக்கு, ‘மகிழ்ந்திரு’ என்ற வாழ்த்து. 1676 முதல் 1855 வரை இருந்த மராட்டிய தர்பாரும், கம்பெனி ஆபீசும் இப்படிப்பட்ட சொற்களில் ஊறியவை. மிராசு, கிஸ்தி, வசூல், பாக்கி எல்லாம் அரபியில் பிறந்தவை. அவை இல்லாமல் நம் தாத்தாக்களால் நிலம் வைத்திருக்கவே முடிந்திருக்காது.

பர்னெல் 1882இல், 42 வயதில் காலமானார். அகராதியை யூல்தான் முடித்தார்; அச்சான புத்தகத்தைப் பர்னெல் பார்க்கவில்லை. சரஸ்வதி மகாலுக்குப் போகும்போது அவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.