மேகத்தில் ஒரு தோட்டம்
அத்தியாயம் 14: கத்தியின் ஆழம்

சென்ற வாரம்: 2017 பிப்ரவரி 28. அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் பில் கணக்கிடும் பிரிவு மெதுவாக ஓடியது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்த ஊழியர், சில சர்வர்களை மட்டும் விலக்கும் கட்டளையை எழுதினார். அதில் கொடுத்த விவரம் ஒன்று தவறு. கவனிக்கவில்லை. எண்டர் விசையை அழுத்திவிட்டார்…

அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது காலை மணி 9.37. மலேசியாவின் ஈப்போவில் தேதி மார்ச் 1 ஆகியிருந்தது. மணி பின்னிரவு 1.37. கிந்தா பள்ளத்தாக்கு தூங்கிக்கொண்டிருந்தது.

விலக வேண்டியவை ஒரு சில சர்வர்கள். விலகியவை அதைவிடப் பல மடங்கு. அவற்றோடு சேர்ந்து இரண்டு முக்கியப் பிரிவுகள் சரிந்தன. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைப் பிரிவு ஒன்று. புதிதாக வரும் கோப்புக்கு இடம் ஒதுக்கும் பிரிவு மற்றொன்று. கோப்புகள் அத்தனையும் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

அமேசானின் வர்ஜீனியா வட்டாரத்தை நம்பியிருந்த இணையதளங்களும் செயலிகளும் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. 'எங்கள் சேவை பழுதாகியிருக்கிறது' என்று அறிவிக்கும் அமேசானின் நிலவரப் பலகையைக்கூடப் புதுப்பிக்க முடியவில்லை. அந்தப் பலகையை இயக்கும் நிர்வாகப் பக்கமும் எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது. இரண்டு மணி நேரம் ட்விட்டர் வழியாகத்தான் தகவல் சொன்னார்கள். அந்த இரண்டு பிரிவுகளையும் முழுதாக நிறுத்தித் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் எஸ்3 பிரம்மாண்டமாக வளர்ந்துவிட்டது. அதனால் மறுபடி எழுப்ப நேரம் பிடித்தது. எல்லாம் சரியாகும்போது மேற்குக் கரையில் பிற்பகல் மணி 1.54.

அந்த ஊழியர்மேல் பழியைப் போட்டுக் கதையை முடித்திருக்கலாம். அமேசான் வெளியிட்ட விளக்கத்தில் அவர் பெயர் இல்லை. அவர் கையிலிருந்த கருவியை மாற்றினோம் என்று இருந்தது. இனி அந்தக் கருவி சர்வர்களை மெதுவாகத்தான் விலக்கும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகச் சொன்னால் மறுத்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்குப் பால் மரம் நினைவுக்கு வந்தது.

பட்டையும் உயிரும்

பேராக்கில் பால் மரத்தின் கதை கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் சில அங்கே நடப்பட்டன. ஆனால் மரம் வளர்ந்ததாலேயே தொழில் வந்துவிடவில்லை. மரத்தைச் சாகடிக்காமல், திரும்பத் திரும்பப் பால் எடுக்க ஒரு முறை வேண்டியிருந்தது. 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி அந்த முறையை வகுத்தார். அதை நம் ஆட்களின் கைகள் கற்றுக்கொண்டன.

விடியுமுன் பெரட்டு. தண்டல் பெயர் கூப்பிட்டு நிரை பிரிப்பார். நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் மரத்தடிக்குப் போனதும், வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். பால் பிடிக்கும் மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு கத்தி. மேலிருந்து கீழாகச் சரிவாக ஓர் இழுப்பு. சீவி வரும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். கத்தி ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிஞ்சினால், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கிற உயிர்ப்படலம் காயப்படும். அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். மறுபடி அங்கே வெட்ட முடியாது. ஒரு நாள் வெட்டு, ஒரு நாள் ஓய்வு என்று மரத்துக்கும் கணக்கு உண்டு.

நேரம், வரிசை, அளவு, எல்லை. இன்று ஈப்போவில் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதும் பிள்ளை கணினிக்குச் சொல்லித் தருவதும் இந்த நான்கைத்தான். எத்தனை மணிக்கு ஓட வேண்டும், எதற்குப் பின் எது, எத்தனை சர்வர், எங்கே நிற்க வேண்டும். முதல் மூன்றையும் எழுதிவிட்டு நான்காவதை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2017 காட்டியது.

ஒரே கம்பியில் ஊர் முழுதும்

தன் இயந்திரத்தை விட்டுவிட்டுப் பொது இயந்திரத்தை நம்புவது பேராக்குக்குப் புதிதல்ல. கிந்தா ஈயச் சுரங்கங்களில் ஒரு காலத்தில் அவரவர் நீராவி இயந்திரம், அவரவர் எரிபொருள், அவரவர் ஃபிட்டர். 1920களின் இறுதியில் மாலிம் நாவாரில் மின்நிலையம் எழுந்தது. 1930-இல் பேராக் ஆற்றின் குறுக்கே கட்டிய செண்டரோ அணை மின்சாரம் தரத் தொடங்கியது. அதன்பின் சுரங்கக்காரர் மின்சாரத்தைச் செய்ய வேண்டியதில்லை. கம்பி இழுத்து வாங்கினால் போதும். 2006-இல் அமேசான் கணினியை அதே மாதிரி விற்கத் தொடங்கியது. எடுத்த அளவுக்குக் காசு.

இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். 1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை மாலை. திரெங்கானுவின் பாக்காவில் ஒரு மின்தடம் செயலிழந்தது. சுமை மற்ற நிலையங்களின் மேல் விழ, அவையும் ஒவ்வொன்றாக நின்றன. பாக்கா எங்கே, ஈப்போ எங்கே? ஆனாலும் தீபகற்பம் முழுவதும் இருண்டது. அவரவர் இயந்திரம் இருந்த காலத்தில் ஒருவருடையது நின்றால் ஒருவருக்குத்தான் நட்டம். பொது இயந்திரம் நின்றால் ஊருக்கே நட்டம்.

தோட்டம் கை மாறும்போது

இன்னோர் ஆபத்தும் உண்டு. கருவி நன்றாகவே ஓடும். அதன் உரிமை மட்டும் கை மாறும்.

சர்வர்களை எழுதி நடத்தும் கருவிகளில் ஆன்சிபிள் 2012-இல் வந்தது. டாக்கர் 2013-இல். டெராஃபார்மும் குபர்நெட்டிஸும் 2014-இல். எத்தனை சர்வர், எந்த நெட்வொர்க், எவ்வளவு சேமிப்பு என்பதை ஒரு கோப்பில் எழுதிவிட்டால் டெராஃபார்ம் அதை அப்படியே எழுப்பிக் கொடுக்கும். யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் இருந்ததால் உலகமே அதைக் கற்றது. 2023 ஆகஸ்ட் 10 அன்று அதன் உரிமையாளரான ஹாஷிகார்ப் உரிமத்தை மாற்றியது. தன்னோடு போட்டி போடும் சேவைகளுக்கு இனி அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது.

பேராக் தமிழருக்கு இந்த அதிர்ச்சி பழக்கமானது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். தலைமுறையாய் மரம் வெட்டியவர்கள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தார்கள். அந்தத் துண்டாடல் காலத்தில் சுங்கை சிப்புட்டின் பிள்ளை துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். மாதம் 10 வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கூலிக்கு வெட்டியவர்கள் பங்குதாரர் ஆனார்கள்.

டெராஃபார்ம் விஷயத்திலும் பயன்படுத்தியவர்களே கூடினார்கள். திறந்த உரிமத்தில் இருந்த கடைசிப் பதிப்பை எடுத்து 'ஓப்பன்டோஃபு' என்று தனியே வளர்த்தார்கள். அடுத்த மாதமே லினக்ஸ் அறக்கட்டளை அதற்கு இடம் கொடுத்தது. ஹாஷிகார்ப்பை ஐபிஎம் 640 கோடி டாலருக்குப் பேசி, 2025 பிப்ரவரியில் வாங்கி முடித்தது. கருவியின் பெயரை மட்டும் கற்றிருந்தவர்கள் கலங்கினார்கள். அது உள்ளே என்ன செய்கிறது என்று கற்றிருந்தவர்கள் இரண்டிலும் வேலை செய்தார்கள்.

1969-இல் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக்கிலும், கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் உள்ள பல்கலைக்கழகங்களிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். முதலில் லினக்ஸ். நெட்வொர்க்கில் ஒரு பெயர் எப்படி முகவரியாக மாறுகிறது என்ற டிஎன்எஸ் பாடம். பிறகு ஷெல், பைத்தான், கிட். இவை நிலைத்தால் அடுத்து வரும் கருவி எந்தப் பெயரில் வந்தாலும் சில வாரங்களில் கைக்குள் வரும்.

இன்னொன்று. டெராஃபார்ம் எதையும் செய்யுமுன் ஒரு திட்டத்தைக் காட்டும். சேர்ப்பது 0, மாற்றுவது 1, அழிப்பது 3 என்று கடைசி வரியில் எண்கள் வரும். 'யெஸ்' என்று தட்டும் வரை காத்திருக்கும். அந்த மூன்றாவது எண்ணைப் பாருங்கள். நீங்கள் ஒன்றையும் அழிக்க நினைக்கவில்லை என்றால், அந்த 3 எங்கிருந்து வந்தது? அது தெரியும் வரை விசையில் கை வைக்காதீர்கள். பால் மரத்தில் கத்தி வைத்த நம் பாட்டிக்கு அந்த எல்லையைக் கையே சொன்னது. திரையில் அதைக் கண்தான் படித்தாக வேண்டும்.

2024 ஆகஸ்ட்டில் அமேசான் தன் கிளவுட் வட்டாரத்தை மலேசியாவிலேயே திறந்தது. 2038-க்குள் 620 கோடி டாலர் முதலீடு என்றது. மேகம் நம் கொல்லைக்கே வந்துவிட்டது. 2017-இன் பாடத்தையும் கற்றாயிற்று, கருவிகளுக்கும் கடிவாளம் போட்டாயிற்று, இனி மனிதக் கை தவறினாலும் தானியங்கிகள் தடுத்துக்கொள்ளும் என்று பலரும் நம்பினார்கள்.

2025 அக்டோபர் 20. திங்கட்கிழமை. தீபாவளி.

பேராக் முழுவதும் வீட்டு வாசல்களில் கோலம். முறுக்குத் தட்டுகள் வீடு விட்டு வீடு போய்க்கொண்டிருந்தன. பிற்பகல் மணி 2.48. உலகின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நள்ளிரவு தாண்டியிருந்தது. 2017-இல் சரிந்த அதே வட்டாரம். அமேசானின் டைனமோ டிபி தரவுத்தளத்துக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு எதிரே இருக்கும் முகவரிகளைத் தேடித்தான் ஆயிரமாயிரம் செயலிகள் ஓடிவரும்.

அந்த நிமிடம், பெயர் இருந்தது. அதற்கு எதிரே ஒரு முகவரிகூட இல்லை.

யாரும் எண்டரை அழுத்தவில்லை. எந்த ஊழியரும் கட்டளை எழுதவில்லை. அந்த முகவரிப் பட்டியலைப் பாதுகாக்கவே எழுதப்பட்ட தானியங்கிகளில் இரண்டு, ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு ஓடிவந்திருந்தன. ஒன்று பின்தங்கியது, ஒன்று முந்தியது.

முந்தியது என்ன செய்தது?

(தொடரும்)