மயக்கவியல் துறை உருவான வரலாறு

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், கழுத்துக் கட்டி அறுவைக்கு வந்த நோயாளிக்கு ஈதர் ஆவி கொடுத்தவர் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர். அறுவை செய்தவர் ஜான் வாரன். மறு ஆண்டு எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு புட்டியும் கைக்குட்டையும் போதும் என்றானபின், மருந்தைச் சொட்டும் வேலை பெரும்பாலும் கையருகே இருந்த மாணவருக்கோ உதவியாளருக்கோ போனது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகத்தை அகற்றுவதற்காகக் கொடுத்த குளோரோஃபார்மில் இறந்தாள்.

மயக்கம் கொடுப்பதைத் தனிக்கலையாகப் பயின்ற முதலாமவர்களில் ஒருவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. வெப்பநிலைக்கேற்ப ஆவியின் அளவு மாறுவதைக் கணக்கிட்டுக் கருவி செய்தார்; மயக்கத்தின் ஆழத்தைப் படிகளாகப் பிரித்து எழுதினார். 1853இல் விக்டோரியா அரசியின் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தவரும் இவரே.

குளோரோஃபார்ம் மரணங்களுக்கான காரணத்தைத் தேடும் ஆய்வு ஹைதராபாத்திலும் நடந்தது. அங்கிருந்த மருத்துவர் எட்வர்ட் லாரி, நிஜாமின் பொருளுதவியோடு 1888, 1889 ஆண்டுகளில் இரு ஆய்வுக் குழுக்களை அமைத்தார். முதலில் நிற்பது மூச்சே, எனவே மூச்சைக் கவனித்தால் போதும் என்பது அவர்கள் கண்ட முடிவு. இதயமும் திடீரென நிற்கக்கூடும் என்பது பின்னர் நிரூபணமானது. லாரியிடம் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராகக் கருதப்படுகிறார்.

அமெரிக்காவில் மயக்கம் கொடுக்கும் பணியை வளர்த்ததில் செவிலியருக்குப் பெரும் பங்குண்டு. மேயோ மருத்துவமனையின் ஆலிஸ் மகாவ், முகமூடித் துணிமீது ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டபடியே நோயாளியிடம் பேசி அச்சத்தைத் தணிப்பார். மயக்க மருந்தால் நேர்ந்த மரணம் ஒன்றுகூட இல்லாமல் 14,000க்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்ததை அவர் 1906இல் பதிவு செய்தார்.

மருத்துவர்களுக்கான முறையான பயிற்சி, 1927இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ரால்ஃப் வாட்டர்ஸிடம் தொடங்கியது. பயிற்சி மருத்துவர்கள் ஒவ்வொரு மயக்கத்துக்கும் பதிவேடு எழுதினர். வாரந்தோறும் கூடி, எது எங்கே தவறியது என்று விவாதித்தனர். அவருடைய மாணவர்கள் பிற ஊர்களுக்குச் சென்று துறைகளை நிறுவினர். 1937இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் மாக்கிண்டாஷ் இத்துறைக்குப் பேராசிரியரானார்.

1942இல் மாண்ட்ரியாலில் ஹெரால்ட் கிரிஃபித் தசையைத் தளர்த்தும் குராரே மருந்தை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தார். மூச்சுத் தசைகளையும் தளர்த்தும் இந்த மருந்து பரவியதும், நோயாளிக்குச் செயற்கையாக மூச்சு கொடுப்பதும் மயக்க மருத்துவரின் அன்றாட வேலையானது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் மடிந்தபோது, மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் அதே வேலையை வார்டுக்கு எடுத்துச் சென்றார். தொண்டையில் துளையிட்டுப் பொருத்திய குழாய் வழியே மூச்சு செல்ல, சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாக ரப்பர் பையை அழுத்தினர். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அதுவே அடித்தளம்.

இந்தியாவில் மயக்கவியல் மருத்துவர்களின் சங்கம் 1947இல் அமைந்தது. இன்று எம்.பி.பி.எஸ். முடித்தவர் மூன்றாண்டு எம்.டி. படித்து இத்துறைக்கு வருகிறார். அறுவை அரங்கு, ஐ.சி.யூ., வலி நீக்கம் மூன்றும் அவர் பொறுப்பில் அடங்கும். திட்டமிட்ட பெரிய அறுவை எதுவானாலும், ‘அனஸ்தீசியா டாக்டர்’ நோயாளியைப் பார்த்து ஃபிட்னஸ் கொடுத்த பிறகே நாள் உறுதியாகிறது.